சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? துபாய் எவ்வளவு தூரம்?



2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள். ஆயுதபூசை விடுமுறை என்பதால் தென்னூரில் கடைகள் பாதி மூடியிருந்தன. மாலை ஐந்தே முக்கால் மணி அளவில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு என்ற செய்தி பரவியது. அடுத்த இரண்டரை மணி நேரம் நாம் வானத்தைப் பார்ப்பதும் தொலைக்காட்சியைப் பார்ப்பதுமாக இருந்தோம். விமானம் திருச்சி, புதுக்கோட்டை வான்பகுதியில் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அந்த வகை விமானத்தில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி கிடையாது. பறந்து பறந்துதான் எடையைக் குறைக்க வேண்டும். ஓடுபாதையோரம் ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசைகட்டி நின்றன. இரவு எட்டேகால் மணி அளவில் விமானம் நல்லபடியாகத் தரையிறங்கியது. உள்ளே இருந்த 140க்கும் மேற்பட்டோர் எந்தக் காயமும் இன்றி இறங்கி வந்தார்கள். அன்று இரவு எத்தனை வீடுகளில் செபமாலை சொல்லி முடித்தார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் வழக்கம்போல் பறந்திருந்தால் அவர்கள் அரபிக்கடலின் பெரும்பகுதியைத் தாண்டியிருப்பார்கள். ஆனால் ஏறிய இடத்திலேயே இறங்கினார்கள். பயண நேரம் உண்டு, பயணத் தூரம் இல்லை. இந்தச் சிந்தனைக்கு அந்த மாலைப்பொழுதே காரணம். நம் பங்குகளில் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத அன்பியத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘பிள்ளை எங்கே இருக்கிறான்?’ என்று கேட்டால், ‘பக்கம்தான், நாலு மணி நேரம்’ என்று பெற்றோர் சொல்கிறார்கள். அந்த நாலு மணி நேரத்தைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். அதே திருச்சியிலிருந்து துபாய் விமான நிலையம் ஏறக்குறைய 2,940 கிலோமீட்டர். கிழக்கே ஒன்று, வடமேற்கே ஒன்று. இடைவெளியோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் 40 கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து கல்லணைக்குப் போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். துபாயிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகப் பறந்தால் ஏறக்குறைய 5,840 கிலோமீட்டர். திருச்சியில் இறங்கி ஏறிப் போனால் 5,920. எண்பது கிலோமீட்டர் சுற்றுதான். நம் ஊர் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே தராசு முள்போல நிற்கிறது என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

‘நேர்க்கோடு’ என்று நாம் சொல்வது சுவரில் தொங்கும் தேசப்படத்தில் அளவுகோலை வைத்துப் போடும் கோடு அல்ல. பூமி உருண்டை. ஓர் ஆரஞ்சுப் பழத்தில் இரண்டு புள்ளிகளை வைத்து, நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்த வழியாகப் படிகிறதோ அதுவே குறுகிய வழி. அந்த நூலைத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பிடித்தால் கோடியக்கரைப் பக்கம் கடலுக்குள் இறங்கும். யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்குச் சற்று வடக்கே கடந்து, வங்கக்கடலைத் தாண்டி, சுமத்திராவின் வடபகுதியைத் தொட்டு, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூர் சேரும். 1025இல் இராசேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் நோக்கிப் போன அதே கடல். துபாய்க்குப் பிடித்தால் மைசூர்ப் பக்கம் ஏறி, மங்களூர் அருகே கரையை விட்டு, அரபிக்கடலைக் கடந்து மஸ்கட் அருகே மறுகரை காணும். நடைமுறையில் விமானிகள் இந்த நூலின் மேலேயே போவதில்லை. வான்வழிகள், கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு, மேகம், காற்று என்று கொஞ்சம் வளைந்துதான் போவார்கள்.

மணிக்கு 830 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 2,950 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் வரும். ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவது, நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம், நாலேகால் மணி நேரம். குளிர்கால மாதங்களில் வளைகுடா நோக்கிப் போகும் விமானத்துக்கு மேற்கிலிருந்து எதிர்காற்று. போகும்போது கால் மணி கூடும், வரும்போது குறையும்.

கடிகாரம் செய்யும் வேடிக்கை தனி. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். துபாய் நேரம் ஒன்றரை மணி பின்னால். இரவு ஒரு மணிக்குத் திருச்சியில் ஏறி நான்கு மணி நேரம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் காலை ஏழரை. துபாய்க் கடிகாரத்தில் விடிவதற்கு முன் மூன்றரை. டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சிங்கப்பூர் ஆறரை மணி நேரப் பயணம், துபாய் இரண்டரை மணி நேரப் பயணம் என்று தோன்றும். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் நாம் ‘உன்னதங்களிலே’ பாடி மணி அடிக்கும்போது, சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பூசை முடிந்து கேக் வெட்டித் தூங்கப் போயிருப்பார்கள். துபாயில் மணி பத்தரை. பல பேர் இன்னும் வேலை உடுப்பையே மாற்றியிருக்க மாட்டார்கள்.

இந்த நாலு மணி நேரமும் நமக்குப் புதிதாகக் கிடைத்ததுதான். 1710இல் கோவாவில் வந்து இறங்கிய வீரமாமுனிவர் ஐரோப்பாவிலிருந்து பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் வந்தவர். ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு மடல் எழுதினால் பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு பின்னே போவானேன்? நம் தாத்தாக்கள் காலத்தில், திருச்சியில் இரயில் ஏறி நாகப்பட்டினம் போய், அங்கே படகில் ஏறிக் கடலுக்குள் நிற்கும் கப்பலை அடைய வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்தது. அதன்பின் ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது, 1985இல் அதில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தப் பயணிகள் சேவை முடிந்தது. கப்பல் காலத்தில் தந்தை இறந்த செய்தி கிடைத்துப் புறப்பட்டு வருவது என்ற பேச்சே இல்லை. நாற்பதாம் நாளுக்கு வந்தால் பெரிது. மலேயாவில் இருந்த மகனுக்காக யாரும் அடக்கத்தை நிறுத்தி வைத்ததில்லை. வர முடியாது என்பது இரு பக்கமும் தெரிந்த உண்மை.

இன்று ‘வர முடியும்’ என்பதால்தான் வேதனை. இதைச் சொல்ல நாம் அறிந்த ஒரு தென்னூர் வீட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம், பெயர் வேண்டாம்.

பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள் சிங்கப்பூரில் செவிலியர். மகன் துபாயில் ஏசி மெக்கானிக். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பெரியவர் மாரடைப்பில் இறந்தார். மகளுக்கு மூன்று நாள் துக்க விடுப்பு என்று வேலை ஒப்பந்தத்திலேயே இருந்தது. சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்துவிட்டார். மகனின் பாஸ்போர்ட் நிறுவன அலுவலகத்துப் பெட்டியில் இருந்தது. சனியும் ஞாயிறும் அலுவலகம் மூடல். போர்மேன், ‘மாசக் கடைசியில போய்க்கோ, இப்ப ஆள் இல்ல’ என்று சொல்லியிருக்கிறார். இங்கே குளிர்பெட்டி வாடகை மணிக்கணக்கில் ஏறியது. தாயார் மட்டும், ‘அவன் வந்துருவான் சாமி, நாலு மணி நேரந்தான்’ என்று பங்குத்தந்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அடக்கத் திருப்பலி நடந்தது. மகன் திங்கள் காலை அலுவலகம் போய், அழுது, சண்டை போட்டு, பாஸ்போர்ட்டை வாங்கி, அன்றைய இரவு விமானத்துக்கு வழக்கமான விலையைப் போல் பல மடங்கு கொடுத்து டிக்கெட் எடுத்து, செவ்வாய் காலை வந்து சேர்ந்தார். விமான நிலையத்திலிருந்து சுப்பிரமணியபுரம், டிவிஎஸ் டோல்கேட் வழியாக ஆட்டோவில் நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனார். அவர் பறந்த நேரம் நாலு மணி பத்து நிமிடம்.

நாற்பது கிலோமீட்டர் அருகில் இருந்த பிள்ளை மூன்று நாள் பின்தங்கி வந்தான்.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. அமீரகத்தில் வேலையாளின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டப்படியே தவறு. அது மட்டுமல்ல. 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரியிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி இறந்தால் மூன்று நாள், கணவனோ மனைவியோ இறந்தால் ஐந்து நாள், சம்பளத்தோடு விடுப்பு என்று அதன் 32ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது அந்த மகனுக்கு விடுப்பு பிச்சையாகக் கேட்க வேண்டியதே அல்ல. சிங்கப்பூரிலோ இப்படிச் சட்டம் கட்டாயப்படுத்தும் துக்க விடுப்பு கிடையாது. ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. சட்டம் இருந்த இடத்துப் பிள்ளை வரவில்லை, சட்டம் இல்லாத இடத்துப் பிள்ளை வந்துவிட்டது. காரணம், மகள் தன் ஒப்பந்தத்தைப் படித்திருந்தார். மகன் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அவரைக் குறை சொல்லவில்லை. நம் அன்பியங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? (வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனிச் சட்டம். அதையும் ஏறுமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.)

நம் ஊரில் விமானம் என்றாலே பேச்சு விமான நிலையத்தைப் பற்றித்தான் போகும். 2012இல் பன்னாட்டு நிலையம் என்ற தகுதி கிடைத்தது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய புதிய முனையம் 2024 சனவரி 2ஆம் நாள் திறக்கப்பட்டு, சூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. திருவரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டும் முகப்பும் சுவரோவியங்களும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஓடுபாதை ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர்தான். அதை நீட்டிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய விமானங்களே இங்கே வந்து போகின்றன. ஆகவே நான்கைந்து மணி நேர வட்டத்துக்குள்தான் திருச்சியின் நேரடி உலகம்: கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், வளைகுடா. இலண்டனிலோ டொராண்டோவிலோ பிள்ளை இருந்தால் எங்காவது மாறித்தான் வர வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த நாட்டு நிறுவனம் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரண்டு அரசுகள் செய்துகொள்ளும் வான்போக்குவரத்து ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை நிறுவனங்கள் திருச்சிக்கு வருகின்றன. அமீரக நிறுவனங்களுக்கான ஊர்ப் பட்டியலில் திருச்சி இல்லை. அந்தத் தடத்தில் இந்திய நிறுவனங்களை மட்டுமே நம்பியிருக்கிறோம். போட்டி குறைந்தால் இருக்கையும் குறையும், அவசரத்துக்கு எடுக்கும் டிக்கெட்டின் விலையும் ஏறும். வணிகச் சங்கங்கள் இதைத் தொடர்ந்து கேட்டு வருகின்றன. கேட்க வேண்டியதுதான். ஆனாலும் அந்தத் தென்னூர் மகனைத் துபாயில் மூன்று நாள் நிறுத்தி வைத்தது இருக்கைப் பற்றாக்குறை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாடுகளின் கதவு மூடும்போது என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தப்பட்ட வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27ஆம் நாள்தான் முழுமையாகத் திரும்பின. இடையில் சிறப்பு விமானங்களில் இடம் கிடைக்கக் காத்திருந்தவர்களுக்கு நாலு மணி நேரம் என்பது சில மாதங்கள். 2025 சூன் 23ஆம் நாள் இரவு கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் ஏவுகணைகளால் தாக்கியபோது வளைகுடா நாடுகள் சில மணி நேரம் வான்வெளியை மூடின. வழியில் இருந்த விமானங்கள் திருப்பி விடப்பட்டன. யாரோ இரண்டு நாடுகளின் சண்டைக்கும் செம்பட்டில் வாசலோரம் காத்து நிற்கும் ஒரு குடும்பத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் அந்த இரவு அங்கே வந்து பார்த்திருக்கலாம்.

தலைகீழாகவும் நடக்கிறது. அங்கே இறப்பவர்களை இங்கே கொண்டுவருவது. உயிரோடு ஏறினால் நாலு மணி நேரம்; உடலாக வந்தால் நாட்கணக்கு. இறப்புச் சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, உடலைப் பதப்படுத்திய சான்று, குடும்பத்தாரின் ஒப்புதல் என ஒவ்வொன்றும் ஓர் அலுவலகம். விபத்தோ தற்கொலையோ என்றால் காவல்துறை விசாரணை முடிய வேண்டும். வசதியில்லாத குடும்பங்களுக்கு உடலைக் கொண்டுவரும் செலவை ஏற்க 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும், கேட்கத் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாமல் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போவோருக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். அதோடு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடும் கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், விபத்தில் இறந்தால் பத்து இலட்சம். சுற்றுலா விசாவில் ஏற்றிவிடும் தரகர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே தவிர்த்து விடுகிறார்கள். மலிவாக முடிந்தது என்று நாமும் மகிழ்ந்து போகிறோம்.

பங்குகளில் என்ன செய்யலாம்? புலம்பெயர்ந்தோர் ஞாயிறு வழக்கமாகச் செப்டம்பர் கடைசி ஞாயிறன்று வருகிறது. விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரி சேர்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அன்று ஒவ்வோர் அன்பியமும் வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயர், நிறுவனம், பாஸ்போர்ட் எண், அங்கே அழைக்க வேண்டிய ஒரு நண்பரின் எண், ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றைத் தங்கள் வீட்டிலேயே ஓர் உறையில் போட்டு வைத்தால் போதும். பங்கு அலுவலகத்தில் சேர்த்து வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தாயாரின் கையில் இருந்தால் போதும். அந்த வெள்ளிக்கிழமை இரவு தென்னூர் வீட்டில் மகனின் நிறுவனப் பெயரே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ‘ஏசி கம்பெனி’ என்றார்கள்.

அடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை வரும்வரை காத்திருப்பதா, வேண்டாமா என்ற வாக்குவாதம் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. சில பங்குகளில் ‘ஒரு நாளுக்கு மேல் வேண்டாம்’ என்று பெரியவர்கள் கறாராக இருக்கிறார்கள். அவர்கள் நோக்கத்தையும் புரிந்துகொள்கிறோம். குளிர்பெட்டியின் வாடகை கடனாகிறது, வந்த உறவினர்கள் தங்க இடமில்லை. ஆனால் அந்தத் தாயாரின் பக்கம் நின்று பார்த்தபின், நேரம் குறிக்குமுன் பிள்ளையோடு பங்குத்தந்தையே ஒரு முறை பேசிவிடுவது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. முடிந்தால் நிறுவனத்தோடும் பேசலாம். பங்கு முத்திரையிட்ட ஒரு கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பப் பத்து நிமிடம் ஆகாது. இறப்பை உறுதிசெய்யும் தாள் ஒன்று கையில் இருந்தால் போர்மேனைத் தாண்டி மேலே பேசத் தொழிலாளிக்குத் துணிவு வரும்.

மகன் பத்தாம் நாள் செபம் முடிந்து துபாய் திரும்பினார். போகுமுன் நம்மிடம் அந்தச் சட்டப் பிரிவின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். ‘எங்க கேம்ப் ரூம்ல எட்டுப் பேரு. ஒருத்தருக்கும் தெரியாது’ என்றார். தமிழில் ஐந்தாறு வரியாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து ஒரு படம் வந்தது. இரும்புக் கட்டில்கள் அடுக்கிய அறை. கதவின் உள்பக்கம், வேளாங்கண்ணி மாதா நாட்காட்டிக்குக் கீழே, அந்தத் தாளை ஒட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே யாரோ மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்கள்.